பட்டன் செய்த எண்ணெய் ஓவியங்கள்

மனித குலம் குகைச் சுவரில் கரியால் மாடு வரைந்த நாளிலிருந்து பட்டுவந்த பாட்டுக்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தது தான்தான் என்பதில் பட்டனுக்கு எள்ளளவும் ஐயமில்லை. "தூரிகை செத்துப்போச்சு. நான்தான் கொன்னேன்" என்று கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்வான். சிரிக்காமல், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவனுக்கு உரிய அடக்கத்தோடு சொல்வான்.

பட்டன் என்பது மாமா வைத்த பெயர். மாமா என்றால் அக்காவின் கணவர். கடையின் பின்கட்டில் மரம் அறுத்து ஃப்ரேம் அடிப்பவர். மாப்பிள்ளை ஓவியம் செய்யும் முறையை ஒரே ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தார்; அன்றைக்கே பெயர் சூட்டிவிட்டார். முறை எளிமையானது; எல்லாமே பட்டனைத் தட்டுவதுதான். வாடிக்கையாளர் போனில் இருக்கும் போட்டோவை அனுப்புவார். பட்டன் அதில் சின்னச் சின்ன விவரங்களைக் கரைப்பான். ஒரு ஃபில்டர் நிறங்களைத் திட்டுத் திட்டாக்கும். இன்னொன்று துணியின் இழையை மேலே பரப்பும். மூலையில் யாராலும் படிக்க முடியாத ஒரு கையெழுத்து. கேன்வாஸில் அச்சாகி வந்தால், காலையில் கடன் கேட்க வந்தவர்போல் நின்ற ஆள் மதியம் சிற்றரசராகத் திரும்பிப் போவார்.

"ஒரு மூக்கை நாள்கணக்கா வரையறவனுக்குப் பேர் கலைஞனா?" என்பான் பட்டன். "சளி பிடிச்சவன்கூட மூக்குக்கு அவ்வளவு நேரம் ஒதுக்க மாட்டான்."

அக்கா முன்பக்கம் மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கவனித்துக்கொள்வாள். தாயில்லாத தம்பிக்குச் சோறு ஊட்டி வளர்த்ததற்குப் பரிசாக, அவன் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு புது ஃபில்டருக்கும் அவள் முகம்தான் முதல் பலி.

"போன மாசம் என்னைக் கரியில போட்ட. அதுக்கு முன்னாடி வாட்டர் கலர்ல கரைச்ச. இன்னும் என்னடா பாக்கி?"

"பொறு அக்கா. உன்னைச் சாகாவரம் பெற வைக்கிறேன்."

"முதல்ல சாப்பிட வா. ஆறுது."

இந்தச் சாம்ராஜ்யத்தை ஆட்டங்காண வைத்தவர் ஒரு வக்கீல். தன் படத்தை வாங்கியவர் சன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார். நகத்தால் ஒரு கோடு இழுத்தார்.

"தம்பி, ஓவியம்னா பக்கவாட்டு வெளிச்சத்துல வரப்பும் வாய்க்காலுமா தெரியணும். இது மெழுகின தரை மாதிரி இருக்கு. இது போட்டோதான்."

அக்கா சிரித்துவிட்டாள். பட்டனுக்கு அதுதான் தாங்கவில்லை.

ஒரு வாரம் யோசித்துவிட்டு மாமாவிடம் திட்டத்தைச் சொன்னான். நிஜமான ஓவியம் ஒன்றின் மேடு பள்ளத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் பிடிக்க வேண்டும். நிறத்தை உறிஞ்சிவிட்டு, தடங்களை மட்டும் ஒரு லேயராக, தனி அடுக்காக, வைத்துக்கொள்ள வேண்டும். அதை எந்த முகத்தின் மேலும் விரித்துவிடலாம்.

"அடுத்தவன் தோலை உரிச்சு நம்மாளுக்குப் போத்துறேங்கிற" என்றார் மாமா.

"தோல் இல்ல மாமா. டெக்ஸ்சர்."

"உரிச்சா எல்லாம் ஒண்ணுதான்."

நிஜ ஓவியம் கிடைத்த இடம் ஒரு பழைய வீடு. அதில் இருந்த ஓவியர் செத்து வெகுகாலமாகியும் விலை போகாமல் நின்றது. பட்டன் வீடு வாங்க வந்தவன்போல் தரகரோடு உள்ளே போனான். மதியம்தான். ஆனால் வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்திருந்தது. சன்னல்கள் உப்பி இறுகிப்போயிருந்தன. கூடத்தில் காலடி ஓசை ஒரு நொடி தாமதித்துத் திரும்பி வந்தது. "நல்ல காத்தோட்டம் சார்" என்றார் தரகர், மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியபடி.

கடைசி அறையில் அது மாட்டியிருந்தது. ஆள் உயரக் கேன்வாஸ். அதில் முகம் இல்லை, உருவம் இல்லை. கறுப்பும் பழுப்புமாக அடர்ந்த தடங்கள் மட்டும். வண்ணத்தைக் கத்தியால் வழித்து வழித்து அப்பியதுபோல், எல்லாம் ஒரே பக்கமாய்ச் சரிந்திருந்தன. அறையில் எண்ணெய் வாடை. அதற்கு அடியில் துருப்பிடித்த இரும்பின் வாடை.

"கடைசியா ஒரு டீச்சரம்மா படம் வரைஞ்சுக்க வந்தாங்க சார்" என்றார் தரகர். இதை மறைத்து வைத்தால் பின்னால் தகராறு வரும் என்று தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. "வாரக்கணக்கா உட்கார வெச்சு வரைஞ்சிருக்காரு. முடிச்சதும் அந்தம்மா பார்த்துட்டு, போட்டோ எடுத்திருந்தா இதைவிட நல்லா வந்திருக்கும்னு சொல்லிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அவங்க எதுவும் சொல்லல."

மழை ஓட்டில் விழத் தொடங்கியது.

"வண்ணம் தடவுற கத்தி சார் அது. முனையும் கிடையாது, கூரும் கிடையாது. அதனால ரொம்ப நேரம் ஆகியிருக்கு. அவங்க மேல வழிச்சதை எடுத்து எடுத்து இங்க அப்பியிருக்காரு. அப்புறம் அதே கத்தியால அவரும். பாத்ரூம் டைல்ஸ் எல்லாம் புதுசு சார், வந்து பாருங்க."

தரகருக்குப் போன் வந்தது, வெளியே போனார். பட்டன் தன் போனை எடுத்தான். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்ததும் தடங்கள் எழுந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முதுகு, ஒரு விளிம்பு, இழுத்து முடித்த இடத்தில் ஒரு சிறு வால். அவன் கண்ணில் நீர் வராத குறை. இப்படி ஒரு டெக்ஸ்சரை அவன் கனவிலும் கண்டதில்லை.

சரக்.

பின்னால் மரத்தில் எதையோ வழிக்கிற ஓசை. திரும்பினான். யாரும் இல்லை.

சரக்... சரக்.

எலி என்று முடிவு செய்தான். எலிகள் இப்படி இடைவெளி விட்டு, யோசித்து யோசித்துச் சுரண்டுவதில்லை. ஒரு தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். ஈரமாக இருந்தது.

விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு அடுத்த படத்தை எடுத்தான்.

புது லேயர் முதலில் வக்கீலின் முகத்தில் ஏறியது. மானப் பிரச்சினை அல்லவா. அடுத்தது பல் டாக்டர். மூன்றாவது, கடை முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மாதிரிக்காக மாட்ட, அக்கா. மூன்றும் அச்சாகி வந்தபோது மாமாவே மரத்தை விட்டுவிட்டு அருகில் வந்து பார்த்தார். கன்னத்தில் வெளிச்சம் பட்டால் தடத்தின் நிழல் விழுந்தது. வக்கீல் சன்னலோரம் சாய்த்துப் பார்த்துவிட்டு, பட்டனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வழக்கம்போலப் பட்டன் எல்லா லேயர்களையும் ஒன்றாக அமுக்கி, மூலப் போட்டோவின் மேலேயே சேமித்துவிட்டான். திரும்பிப் பார்க்கிறவன் முன்னேற மாட்டான் என்பது அவன் கொள்கை. இடம் மிச்சமாகும் என்பது காரணம்.

சில நாள் கழித்து வக்கீலின் தம்பி கடைக்கு வந்தார். கொண்டுவந்த படத்தை மேசைமேல் சாய்த்து வைத்தார்.

"போட்டோவைக் குடுத்து ஓவியம்னு ஏமாத்தியிருக்கீங்க."

பட்டன் படத்தைப் பார்த்தான். வழவழவென்று இருந்தது. தடம் ஒன்றுகூட இல்லை. ஃபில்டரின் திட்டுகளும் இல்லை. வக்கீலின் தோல் துவாரம் வரை தெரிந்தது. வெறும் போட்டோ.

"இது நான் குடுத்தது இல்ல சார். உங்க அண்ணனையே கேளுங்க, வாங்கும்போது எப்படி இருந்துச்சுன்னு."

"அவரைக் கேக்க முடியாது."

"ஏன், ஊர்ல இல்லையா?"

தம்பி நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அவர் ரூம் கதவை உடைச்சுத்தான் திறந்தோம். உள்தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தாரு. தோலை... வழிச்சு வழிச்சு மடிச்சு வெச்ச மாதிரி. உடம்பு பூரா. கண் இமைகூட விடல." தண்ணீரை எடுத்தவர் குடிக்காமல் வைத்தார். "ஏதோ மிருகம்னு சொல்றாங்க. மிருகம் எங்கயாவது ஒரே பக்கமா கீறுமா?"

அவர் போன பிறகு பட்டன், பிரிண்டர் மையின் தரத்தைப் பற்றி அதை விற்றவனிடம் பேச வேண்டும் என்றான். மாமா கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"மாப்ள, டாக்டருக்குக் குடுத்தது எப்படி இருக்குன்னு ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடு."

"பயப்படுறீங்களா மாமா?"

"ஆமா. நீயும் கொஞ்சம் பயப்படு. ஒண்ணும் கொறஞ்சுட மாட்ட."

பல் டாக்டர் குண்டானவர், கலகலப்பானவர். நோயாளிகளின் நாற்காலிக்கு நேர் எதிரே தன் படத்தை மாட்டியிருந்தார். வாயைத் திறந்து வைத்திருக்கும் மனிதர்கள் வேறு எதையும் பார்க்க முடியாது. அப்போது நோயாளி யாரும் இல்லை. "வாங்க ஓவியரே! நாற்காலியில ஏறிப் படுங்க, பிரஷ் பிடிச்ச கையோட பல்லையும் பார்த்துடுவோம்" என்றார்.

பட்டன் சிரிக்கவில்லை. படத்தையே பார்த்தான். டாக்டரின் வெள்ளைக் கோட்டின் கீழ் ஓரம், ஒரு கையகலம், வழவழவென்று போட்டோவாகியிருந்தது.

சரக்.

"சார், இந்தப் படத்தைக் கொஞ்சம் கழட்டிடலாமா?"

"ஏன், நல்லாத்தானே..."

டாக்டர் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். கை சிவப்பாகத் திரும்பி வந்தது. அதை அவர் வேறு யாருடைய கையோ என்பதுபோல் பார்த்தார்.

படத்தில் அடுத்த தடம் அசைந்தது. காய்ந்த பொருக்கு உரிவதுபோல் ஒரு விளிம்பு தூக்கியது, முழுதாய் எழுந்தது, காணாமல் போனது. அது இருந்த இடத்தில் சுத்தமான போட்டோ.

டாக்டரின் முன்கையில் தோல் அதே நீளத்துக்குப் பிளந்து, ஒரு பக்கமாய்ச் சரிந்து மடிந்தது. இழுத்து முடித்த இடத்தில் ஒரு சிறு வால்.

அவர் கத்தினார்.

சரக். தோள்.

சரக். மார்பு. கோட்டோடு சேர்த்து, சட்டையோடு சேர்த்து, விலா எலும்பின் வெள்ளை தெரியும்வரை. கூரில்லாத கத்தி, ஒரே இழுப்பில் போகவில்லை. திரும்பத் திரும்ப அதே இடத்தில் அழுத்தியது. பட்டன் அவரைப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் கருவிகள் இருந்த தட்டின் மேல் விழுந்தார்கள். காற்றில் யாரும் இல்லை. ஆனால் அவன் காதருகே ஒருவர் மூச்சை அடக்கி அடக்கி விட்டார். நுணுக்கமான வேலை செய்கிறவர்கள் விடும் மூச்சு. எண்ணெய் வாடை அடித்தது.

கழுத்து. தாடை. கத்திக்கொண்டிருந்த வாய், இரண்டு தடங்களில், வாயாக இல்லாமல் போனது.

படம் போட்டோவாகிக்கொண்டிருந்தது. டாக்டர் ஓவியமாகிக்கொண்டிருந்தார்.

கடைசியாகக் கண்கள். அதற்கு மட்டும் அந்தக் கை சற்று நின்று யோசித்தது.

பட்டன் எழுந்து ஓடினான். படிக்கட்டில் விழுந்தான். மழையில் ஓடிக்கொண்டே போனை அழுத்தினான்.

"அக்கா! உன் படம் எங்க இருக்கு?"

"எங்க இருக்கும், கண்ணாடிக்குப் பின்னாடிதான். ஏன்டா இப்படி மூச்சு வாங்குற?"

"கிட்டப் போகாத. கடையை விட்டு வெளிய போ."

"மழை கொட்டுதுடா. இரு... அங்க யாரு சுரண்டுறது? மாமா பின்கட்டுலதானே இருக்காரு?"

போன் கீழே விழும் ஓசை கேட்டது. அப்புறம் அக்காவின் குரல், போனிலிருந்து தூரமாக. அது பேச்சு இல்லை.

அவன் கடைக்குள் நுழைந்தபோது அக்கா மேசைக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தாள். மாமா தன் சட்டையைக் கழற்றி அவள் தோளில் அழுத்திப் பிடித்திருந்தார். சட்டை நிறம் மாறியிருந்தது. "மாப்ள, ரத்தம் நிக்கலடா. ஒண்ணு அடைச்சா ஒண்ணு திறக்குது."

பட்டன் கம்ப்யூட்டரிடம் ஓடினான். தடமில்லாத பழைய முகத்தை அச்சடித்து மேலே ஒட்டிவிட்டால்? கோப்பைத் திறந்தான். ஒரே லேயர். அக்காவும் கத்தித் தடமும் பிரிக்க முடியாமல் ஒன்றாகக் கிடந்தார்கள். மூலப் போட்டோ இல்லை. அதன் மேலேயே சேமித்தவன் அவன்தான்.

சரக்.

"அம்மா..." என்றாள் அக்கா, தரையில்.

"கிழிச்சுடறேன் இந்தச் சனியனை!" மாமா ஃப்ரேம் அறையின் கத்தியை எடுத்துவந்து கேன்வாஸின் குறுக்கே ஒரு கீறல் போட்டார். அக்காவின் வயிறு குறுக்கே கிழிந்தது. மாமா கத்தியைப் போட்டுவிட்டுத் தன் இரண்டு கைகளையும் பார்த்தபடி முழங்காலில் விழுந்தார்.

இனி படத்தில் மிச்சம் இருந்தது கழுத்துக்கு மேலேதான். கன்னத்தில் ஒரு தடம் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. பட்டன் உள்ளங்கையால் அதை அழுத்தினான். அது விரல்களுக்கு அடியில் புழுவைப்போல் நெளிந்தது. பக்கத்தில் மாமா ஃப்ரேமுக்குப் பூச வைத்திருந்த பழுப்பு பெயின்ட் டப்பா. அதில் செருகியிருந்த தட்டைத் தூரிகை. அடைக்க ஏதாவது வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் அதை எடுத்து அப்பினான்.

தடம் அடங்கியது.

அக்காவின் கன்னம் பிளக்கவில்லை. அதில் ஈரமான பழுப்புக் கோடு ஒன்று தோன்றி, தோலுக்குள் இறங்கி, தழும்பைப்போல் நின்றது.

படத்தில் இருக்கும் தடம் அவள் மேல் போகிறது. கத்தியின் தடம் போனால் வெட்டுகிறது. தூரிகையின் தடம் போனால் வெட்டவில்லை. பட்டனுக்கு இவ்வளவுதான் புரிந்தது. இதற்கு மேல் புரிந்துகொள்ள நேரம் இல்லை. வெள்ளை டப்பாவைத் திறந்தான். கிழிந்த வயிற்றின் மேல் பூசினான். தோள்மேல் பூசினான். சதை மெதுவாய் மூடிக்கொண்டது. நெற்றியில் ஒரு தடம் எழுந்தது, அங்கே ஓடினான். உதட்டில் எழுந்தது, அங்கே. அவன் பூசப் பூச, அந்தச் சரக் சரக் ஓசை கேன்வாஸுக்குப் பின்னாலிருந்து துரத்திக்கொண்டே வந்தது. அவனுக்கு வரையத் தெரியாது. வாழ்க்கையில் ஒரு கோடு நேராக இழுத்தவனில்லை. மூக்கு இருந்த இடத்தில் மூக்குபோல ஒன்றை வைத்தான். கைக்குக் கிடைத்தது தங்க நிற டப்பா என்பதால் ஒரு புருவம் தங்கமாயிற்று.

ஓசை நின்றபோது அக்கா மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

மாமா அவளைத் தூக்கி உட்கார வைத்தார். முகத்தைப் பார்த்தார். கடையில் இருந்த ஒரே முகக்கண்ணாடியைச் சுவரின் பக்கம் திருப்பி வைத்தார்.

இப்போது கடையில் பிரிண்டர் இல்லை. முகப்புக் கண்ணாடிக்கு உள்பக்கம் திரை போட்டிருக்கிறது. சன்னலோரம் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். எதிரே தையல் போட்ட அந்தக் கேன்வாஸ். அதன் முன்னால் பட்டன். நல்ல எண்ணெய் வண்ணங்கள், மெல்லிய தூரிகைகள், ஓவியம் பழகும் ஆரம்பப் பாடப் புத்தகம் ஒன்று. பெயின்ட் எங்கேயாவது மெலிந்தால் அடியில் சுரண்டல் கேட்கும், அங்கே இன்னொரு பூச்சு. மற்ற நேரமெல்லாம் முகத்தை முகமாக்கும் வேலை. மூக்கிலேயே வாரங்கள் ஓடிவிட்டன. இருந்த அவள் போட்டோக்களை எல்லாம் ஏற்கெனவே ஃபில்டரில் கரைத்து மேலேயே சேமித்துவிட்டதால், பார்த்து வரைய ஒன்றும் மிஞ்சாமல் மாமா பக்கத்தில் நின்று ஞாபகத்திலிருந்து சொல்கிறார். சண்டை அதில்தான் வருகிறது.

"மூக்கு நுனி இவ்வளவு கூரா இருக்காதுடா."

"நீங்கதானே மாமா கூர்ன்னு சொன்னீங்க."

"நாக்குதான் கூர்ன்னு சொன்னேன்."

அக்காவின் உடல் குலுங்கியது. சிரிக்கிறாள். வாய் இன்னும் சரியாக அமையவில்லை என்பதால் சிரிப்பு ஒரு பக்கமாகக் கசிந்தது.

"ஆடாத அக்கா" என்றான் பட்டன் மெதுவாக.

மாமா ஆணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். பட்டன் வலது காதை முடித்துவிட்டுத் தூரிகையைக் கழுவப் பின்கட்டுக்குப் போனான். குழாயில் தண்ணீர் நூல்போல் வந்தது. கொஞ்சம் நேரம் பிடித்தது. துணியில் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தான்.

அக்கா கண்களை மூடி, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தக் காது நல்லா வந்திருக்குடா. தொட்டுப் பார்த்தேன், பழைய மாதிரியே இருக்கு. வலிக்கவே இல்ல."

"வலது காதுதானே அக்கா?"

"இல்லடா. இப்ப வரைஞ்சியே, இடது."

பட்டன் கேன்வாஸைப் பார்த்தான். இடது காது முழுதாய் இருந்தது. மடல், மடிப்பு, தோடு போட்ட துளை, அதன் கீழே சின்னஞ்சிறு நிழல். அவன் எத்தனை ஆண்டு பழகினாலும் அப்படி ஒரு காது அவன் கையில் வராது. வண்ணம் ஈரமாக மின்னியது. தடங்கள் எல்லாம் ஒரே பக்கமாய்ச் சரிந்திருந்தன.

"ஏன்டா பேச மாட்டேங்குற? வாயை எப்ப வரையப்போற?"

அவன் சன்னலைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

பிறகு தன் முக்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் விட்டு, தூரிகையை வண்ணத்தில் தோய்த்தான்.